நீலச் சட்டையின் பழைய அளவு

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் மெல்லிய மேகமூட்டம் இருந்தது. பின்னர் வெயில் தெளிந்தது. காற்று மிதமாக வீசியது. துணி உலர்த்துவதற்கு இதைவிட ஏற்ற நாள் அமைவது அரிது.

மகளே, நேற்று மாலை நீ உன் அம்மாவின் அலமாரியைத் திறந்து, அவளுடைய நீலச் சட்டையை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா இது?" என்று கேட்டாய். பக்கத் தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் இடையே, ஒன்றையடுத்து ஒன்றாகப் பல தையல் கோடுகள் ஓடியிருந்தன. நான் "தையல்" என்று விடையளித்தேன். "தையல்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நீ உன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாய். இதுவரை திறக்கவில்லை.

உன் கேள்வி நியாயமானது. அதற்கு முழுமையான விடை தர வேண்டும் என்றே எழுத அமர்ந்தேன். வாய்ப்பேச்சில் எனக்கு ஒழுங்கு அமைவதில்லை. பாதியில் வேறு எங்கேனும் போய்விடுவேன். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் அமர்ந்து கற்ற எழுத்து என்பதால், எழுதும்போது கோணாமல் செல்வேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு நுணுக்கத்தை நீ அறிந்துகொள்ள வேண்டும். நாடக அரங்கில் ஒரு கதாபாத்திரம் நோயுற்று இளைப்பதாகக் காட்ட வேண்டுமெனில், நடிகையை இளைக்கச் சொல்ல இயலாது. எங்கள் அரங்கு தரும் ஊதியத்துக்கு எந்த நடிகையும் ஒரு வேளை உணவைக்கூட விடமாட்டாள். ஆகவே தையற்காரன் ஒரே உடையைப் பல அளவுகளில் தைக்கிறான். முதற்காட்சியில் உடலோடு பொருந்தும் சட்டை. அடுத்த காட்சியில் சற்றே பெரியது. அதற்கடுத்ததில் இன்னும் பெரியது. துணியும் நிறமும் பொத்தானும் ஒன்றே. நடிகை அப்படியே இருக்கிறாள். பார்வையாளரோ அவள் கண்முன்னே கரைவதாகக் கண்டு கைக்குட்டையை எடுக்கிறார்கள். கண் உடலை அளப்பதில்லை. உடலுக்கும் துணிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறது. என் தொழிலில் நான் கற்ற பெரிய உண்மை இதுவே.

சென்ற ஆண்டு கோடைக்காலத்தில் நான் ஒரு நாடகம் எழுதத் தொடங்கியதை நீ அறிவாய். தன் நோயை ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது அது. உடை தைப்பவன் நாடகம் எழுதுவதா என்று எவரும் சிரிக்கவில்லை. உன் அம்மா மட்டும் சிரித்தாள். அரங்கின் டிக்கெட் சாளரத்தில் நாள் முழுவதும் பேசிப் பழகிய வாய் அவளுடையது. நான் மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், ஆளில்லாத கூடத்தைப் பார்த்து, "எழுத்தாளர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்பாள்.

என் முதல் வரைவை இயக்குநர் படித்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"யோவ் டெய்லர், எந்தப் பொம்பளையாவது 'எனக்கு ஒண்ணுமில்ல, நான் நம்ப மாட்டேன்'னு வீடு பூரா சொல்லிக்கிட்டே நடப்பாளா? நம்பாதவ நம்பலைன்னு சொல்ல மாட்டாய்யா. வேற ஏதாவது வேலையப் பாப்பா. வீடு கூட்டுவா, பொத்தான் தேடுவா. போய் மனுஷங்களைக் கவனிச்சுட்டு வந்து எழுது."

அவர் கூறியது சரி. எனவே கவனிக்கத் தொடங்கினேன். கவனிப்பதற்கு வெளியே எங்கும் செல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் அம்மா அந்நாட்களில் தட்டைப் பாதியில் தள்ளிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தாள். ஒருநாள் காரணம் கேட்டேன். "இந்த வெயில்ல சாப்பாடு எங்கங்க இறங்குது?" என்றாள். சன்னலுக்கு வெளியே கோடை மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் மழையைப் பார்த்தோம். அவள் எழுந்து, காய்ந்தே இருந்த அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். நான் அந்த வரியை மழையோடும் துடைப்போடும் சேர்த்து இரண்டாம் காட்சியில் எழுதினேன். ஒத்திகையில் நடிகை அதைச் சொன்னபோது, பின்னால் ஆணி அடித்துக்கொண்டிருந்த மேடைத் தச்சர் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நான் இன்றும் உணர்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் ஒரு காலைப்பொழுது. உன் அம்மா நீலச் சட்டையை அணிந்து கண்ணாடி முன் நின்றாள். இடுப்பருகே துணி தொங்கியது. அவள் அதை இரு விரலால் பிடித்து இழுத்தாள், விட்டாள், மறுபடியும் பிடித்தாள். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்தது. அதை வருணிக்க எனக்குச் சொல் இல்லை. கூட்டத்தில் குழந்தையின் கையைத் தவறவிட்ட தாயின் முகத்தில், கூவுவதற்கு முந்திய கணத்தில் வருவது அது. நான் கதவருகே நின்று பார்த்தேன். இந்தக் காட்சி இப்போது வரக்கூடாது, இது பின்னால் வரவேண்டியது என்று தீர்மானித்தேன்.

நம் வீட்டில் துணிகளை இஸ்திரி போடுவது எப்போதும் என் வேலை. துவைத்த துணி என் கை வழியாகவே அலமாரிக்குச் செல்லும். அன்று அவள் டிக்கெட் சாளரத்துக்குச் சென்றபின், மாற்றுச் சட்டைகளைத் தையல் அறைக்கு எடுத்துச்சென்று, பக்கத் தையலை உள்ளே தள்ளிப் பிடித்து, பழைய தையலைப் பிரிக்காமல் புதியதை ஓட்டினேன். நீலச் சட்டையையும் அடுத்த துவையலில் இவ்வாறே பிடித்தேன். அளவுநாடா தேவைப்படவில்லை, அவளுடைய அளவை நான் கண்ணாலேயே அறிவேன்.

அடுத்த முறை அவள் அதை அணிந்தபோது சட்டை உடலோடு ஒட்டி நின்றது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பாத்தீங்களா, அன்னைக்குச் சும்மா பயந்துட்டேன்" என்றாள். அன்று காலை முழுவதும் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். மகளே, அந்த மகிழ்ச்சி பொய்யானதன்று. அதை நான் அவளுக்குக் கொடுத்தேன். ஒரு மனிதன் தன் மனைவிக்கு ஒரு காலைப்பொழுதின் மகிழ்ச்சியைக் கொடுப்பது குற்றமெனில், அந்தக் குற்றத்தை நான் பலமுறை செய்தேன்.

மேடையில் நடிகைக்குச் சட்டைகள் பெரிதாகிக்கொண்டே சென்றன. வீட்டில் உன் அம்மாவுக்குச் சிறிதாகிக்கொண்டே வந்தன. ஒரே கையால் இரண்டையும் தைத்தேன். மேற்சட்டை, பாவாடை, கம்பளி அங்கி என எதையும் விட்டுவைக்கவில்லை. பாவாடையின் இடுப்புப் பட்டியைப் பிரித்து உள்ளே வேறொரு கொக்கி வைத்தேன். கம்பளியைப் பிடிக்க இயலாது. பின்னல் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அதைக் கொதிநீரில் நனைத்துச் சுருங்க வைத்தேன். "கம்பளி வாங்கின கடைக்காரன் ஏமாத்திட்டான், இல்லேன்னா நான் குண்டாயிட்டேனாங்க?" என்று அவள் கேட்டாள். சற்று அப்படித்தான் என்றேன்.

நீ தொலைபேசியில், "அம்மா குரல் ஒரு மாதிரி இருக்கே, இளைச்சுட்டாங்களாப்பா? இந்த வாரம் வரட்டுமா?" என்று கேட்டாய் அல்லவா. அரங்கேற்றம் முடியட்டும், வீடெல்லாம் துணியும் தூசியுமாகக் கிடக்கிறது என்று சொன்னேன். பின்னாலிருந்து அவள் உரக்கக் கூறியதும் உனக்குக் கேட்டிருக்கும். "இளைப்பாவது ஒண்ணாவது. உங்கப்பா தைச்ச சட்டை மூச்சு விட முடியாம புடிக்குதுடி." நீ சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

அவள் நாடகத்தைப் பற்றி ஒரே ஒரு முறைதான் விசாரித்தாள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் கால்களை மடக்கி அமர்ந்திருந்தாள்.

"அந்தப் பொம்பளைகிட்ட யாராவது சொல்லப்போறாங்களா, இல்லையா?"

"கடைசிக் காட்சியில் சொல்வார்கள்."

"யாரு சொல்லுவா?"

"அவள் கணவன்."

"எப்ப?"

அது இன்னும் தீர்மானமாகவில்லை என்றேன்.

"அவனைக் கொஞ்சம் சீக்கிரமா தீர்மானம் பண்ணச் சொல்லுங்க. பாவம், அவ எவ்வளவு நேரந்தான் அடுப்பு மேடையத் துடைப்பா?" என்றாள்.

நாடகத்தின் வேகம் குறைவாக உள்ளது என்று அவள் சுட்டிக்காட்டியதாகவே இதை எடுத்துக்கொண்டேன். டிக்கெட் விற்பவர்களுக்குப் பார்வையாளரின் பொறுமை எவ்வளவு என்பது நன்கு தெரியும்.

சென்ற மாதம் அவள் டிக்கெட் சாளரத்தில் தலையைச் சாய்த்தாள். வரிசையில் நின்றவர்கள் அவள் சில்லறை தேடுவதாக எண்ணிச் சற்று நேரம் காத்திருந்தார்களாம். மருத்துவமனையில் அவளை எடைபார்க்கும் கருவியில் நிறுத்தினார்கள். மருத்துவர் எண்ணைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு குறைஞ்சிருக்காங்க. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

"சட்டை சரியாகத்தான் இருந்தது" என்றேன்.

அவர் ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வயிற்றில் தொடங்கிய கட்டி எங்கெங்கோ பரவிவிட்டது என்பதைப் படத்தில் விரலால் காட்டினார். "மழைக்காலத்துலேயே கூட்டிட்டு வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம். நிறையப் பேர் பிழைச்சிருக்காங்க" என்றார். அமைதியான மனிதர். அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இயக்குநரும் வந்தார். தாழ்வாரத்தில் என் அருகே அமர்ந்தார். கடைசிக் காட்சியை மட்டும் முடிக்க வேண்டியிருக்கிறது, இவள் தேறியதும் எழுதிவிடுகிறேன் என்று அவருக்கு உறுதியளித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த நாடகம்யா? அதை மழை ஆரம்பிச்சப்பவே நிறுத்திட்டோமே. உன்னால எழுத முடியலன்னு நீதானே வந்து சொன்னே? அதுக்கப்புறம் ரெண்டு வேற நாடகம் போட்டாச்சு. நீதான் உடுப்பெல்லாம் தைச்சே."

இயக்குநர் மறதிக்காரர். வயதும் ஆகிவிட்டது. நான் அவருடன் வாதிடவில்லை.

மறுநாள் செவிலி உன் அம்மாவுக்கு மருத்துவமனை அங்கியை அணிவித்துக்கொண்டிருந்தாள். நான் திரைத்துணிக்கு வெளியே நின்றேன். அந்த அங்கி எல்லாருக்கும் ஒரே அளவில் தைக்கப்பட்டது. அதற்குள் இரண்டு பேர் நிற்கலாம். "என்னம்மா இப்படி இளைச்சுட்டீங்க" என்று செவிலி கேட்டாள். உன் அம்மா தன் சாளரக் குரலில் விடையளித்தாள்.

"நானா? என் வீட்டுக்காரர் கையில ஊசி இருக்கிற வரைக்கும் நான் இளைக்கவே மாட்டேம்மா."

செவிலி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். நான் உடனே உள்ளே செல்லவில்லை. பூக்கள் போட்ட திரைத்துணி அது, கீழ்மடிப்பு பிரிந்திருந்தது. அதை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சென்றபோது அவள், "எழுத்தாளர் வந்தாச்சு" என்றாள். எழுந்து நிற்கச் சொல்லும் பகுதிக்கு அவளிடம் மூச்சு இல்லை.

நீ மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாய். அதன்பின் நடந்தவற்றை நீயே பார்த்தாய். அவற்றை நான் எழுதவில்லை.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. அவளுடைய மோதிரத்தைச் செவிலி ஒரு சிறு உறையில் இட்டு என்னிடம் கொடுத்தாள். அதன் உட்புறத்தில், உள்ளங்கைப் பக்கம், நூல் சுற்றப்பட்டிருந்தது. விரல் மெலியும்போது மோதிரம் கழன்றுவிடாதிருக்க அவ்வாறு சுற்றுவார்கள். மேலே இருந்தது நீல நூல். நீலச் சட்டைக்கு நான் பயன்படுத்திய அதே நூல், என் பெட்டியிலிருந்தே எடுத்தது. அதைப் பிரித்தேன். அதன் கீழே வெள்ளை. வெள்ளைக்கும் கீழே, உலோகத்தை ஒட்டி, கிளிப்பச்சை. அந்தக் கிளிப்பச்சையை நான் ஒரு காட்டுக் காட்சிக்காக வாங்கினேன். அந்த நூற்கண்டு கோடை தொடங்குமுன்பே தீர்ந்துபோயிற்று. பின்னர் அந்நிறம் கடையில் கிடைக்கவுமில்லை. அதாவது, நான் முதற்சட்டையைப் பிடிப்பதற்கு முன்பே, அவள் முதற்சுற்றைச் சுற்றிவிட்டாள்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அவளுக்கு எல்லாம் தெரியும். என் தையல்களையும் அறிந்திருந்தாள். அறிந்த ஒருத்தியிடமிருந்து ஒன்றை மறைக்க இயலாது. ஆகவே நான் எதையும் மறைக்கவில்லை. கண்ணாடி முன் பாட்டு முனகியதும் கம்பளிக் கடைக்காரனைத் திட்டியதும் எனக்காக அவள் நடித்துக் காட்டியவை. என்னிடம் அவள் நூலை மறைத்தாள், அவளிடம் நான் தையலை மறைத்தேன், இருவரும் சமம். இந்த வாதத்தை நான் பலமுறை இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் அது பிரிகிறது. அந்த இடத்தையும் எழுதினால்தான் உன் கேள்விக்கு விடை முழுமையாகும்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில், அவளுடைய ஓய்வுநாளில், உன் அம்மா நீலச் சட்டையை அணிந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாமாங்க? எனக்கு என்னமோ சரியாப் படல. தனியாப் போகப் பயமா இருக்கு."

வேடிக்கையாகப் பேசவில்லை. துடைப்பதற்கு எதையும் தேடவில்லை. நேராக நின்று கேட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக் கண்ணாடி முன் நிறுத்தினேன். சட்டைக்கும் இடுப்புக்கும் நடுவே என் இரண்டு விரல்களை நுழைக்க முயன்றேன். நுழையவில்லை. "இதோ பார். இளைத்திருந்தால் இந்தச் சட்டை தொங்காதா? உனக்குத் துணி தெரியாது; எனக்குத் தெரியும்" என்றேன். அதற்கு முந்திய நாள் பிற்பகலில்தான் அதை மறுபடியும் பிடித்திருந்தேன். ஊசித்துளைகள்கூட இன்னும் மூடியிருக்கவில்லை.

அவள் கண்ணாடியில் சட்டையைப் பார்க்கவில்லை. அதில் தெரிந்த என்னைப் பார்த்தாள். நேரமெடுத்துப் பார்த்தாள். நான் புன்னகை செய்தேன். என் கை நடுங்கியதாக நான் கருதவில்லை. ஆனால் அவள் தன் கையை என் கையின் மேல் வைத்து அழுத்தினாள், நடுங்கும் ஒன்றை அமர்த்துவதுபோல.

"சரிங்க. டெய்லரே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டு, எனக்குத் தேநீர் போட உள்ளே சென்றாள். அதன்பின் அவள் மருத்துவரைப் பற்றிப் பேசவே இல்லை.

மருத்துவர் கூறிய மழைக்காலம் அதுவே. அறுத்து எடுத்திருக்கலாம் என்று அவர் குறிப்பிட்ட நாட்கள் அவையே. உன் அம்மா பிழைப்பதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் ஒரு சட்டையைக் காட்டி அவளைத் திருப்பி அனுப்பினேன். இதைச் செய்தவன் நானே. இதற்கு வேறு எவரும் பொறுப்பல்லர்.

காரணத்தையும் எழுதுகிறேன். நாடகம்தான் காரணம். தன் நிலையை ஏற்க மறுக்கும் ஒரு மனிதரை அருகிலிருந்து கவனித்தால்தான் நம்பத்தகுந்த காட்சியை எழுத முடியும். அதற்கு வேறு காரணம் இருந்ததாக நீ நினைத்துவிடாதே. நான் அஞ்சினேன் என்றோ, அவள் இல்லாத கூடத்துக்குள் நுழைவதை நினைக்க இயலாதிருந்தேன் என்றோ எண்ணாதே. நான் மனிதர்களைக் கவனிப்பவன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இன்று நீ கதவைத் திறக்காதிருந்த நேரத்தில், அவளுடைய எல்லாத் துணிகளையும் எடுத்து வைத்து, பிடித்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிளேடு வைக்கவில்லை, துணி காயப்படும். ஊசிமுனையால் தூக்கித் தூக்கி எடுத்தேன். பாவாடையின் கொக்கியைப் பழைய இடத்தில் வைத்தேன். கம்பளி மட்டும் நீளவில்லை. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். துளைகள் தெரியாதிருக்கத் துணிகளை நனைத்துக் கொடியில் விரித்திருக்கிறேன். வெயில் நன்றாக அடித்தது. நாளை திங்கட்கிழமை. சாளரத்துக்குத் திங்கட்கிழமைகளில் அவள் அணிவது நீலச் சட்டைதான். காலையில் தேடினால் கையில் கிடைக்கும்படி அதைக் கொடியின் முதலிலேயே போட்டிருக்கிறேன். இப்போது அவளுக்கு அது இறுக்காது.

மருத்துவமனையில் கொடுத்த தாளில், அவள் மூச்சு நின்றதாக ஒரு நாளையும் நேரத்தையும் எழுதியிருக்கிறார்கள். நீ அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாய். அந்த நேரத்தை நான் ஏற்கவில்லை. அது அவர்கள் கணக்கு. என் கணக்கில், நீலச் சட்டையின் கடைசித் தையலைப் பிரித்து, அதை அவளுடைய பழைய அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்து, எல்லாம் முடிந்தது இன்று பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்திற்கு.